ஜெசிந்தாவை நான் இன்டர்வியூ எடுத்த கிறிஸ்துமஸ்

எண்ணெய் காயும் வாசனை... தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்த மாவின் வாசனை...

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர். ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து நானும் என் தங்கை ஜெசிந்தாவும் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் செய்துகொண்டிருந்தோம். அவள் கையில் மாவும், அதை வரிவரியாக உருட்ட ஒரு முள்கரண்டியும். என் மடியில் அவள் கொண்டுவந்த கேள்விகளின் ஜெராக்ஸ் கட்டு.

"ஒரு பிஸ்கட் கம்பெனி. விற்பனை ஏறுது, லாபம் இறங்குது. ஏன்?" என்று கேட்டேன்.

அவள் உருட்டுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். பேசவே இல்லை.

அதுதான் எங்கள் பிரச்சினை.

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஜெசிந்தா வடக்கே பெரிய காலேஜில் எம்.பி.ஏ. கடைசி வருஷம், லீவுக்கு வந்திருந்தாள். திரும்பிப் போனதும் கேம்பஸ் இன்டர்வியூ. கன்சல்டிங் கம்பெனிகள் வரும். அவர்கள் பாடத்தில் இருந்து கேட்க மாட்டார்களாம். ஏதோ ஒரு கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்லி, 'நீ என்ன பண்ணுவ?' என்பார்களாம். கேஸ் இன்டர்வியூ என்று பேர். விடை மட்டும் போதாது, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரவேண்டும்.

முந்தின வருஷம் கோடை வேலைக்கு இதே மாதிரி ஒரு இன்டர்வியூ போய், வாய் திறக்காமலே உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருந்தாள். 'நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னே எங்களுக்குத் தெரியல' என்று அனுப்பிவிட்டார்களாம்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அப்பாவுக்கு டிஃபன்ஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. பகலில் தூங்குவார். சத்தம் போடாமல் படித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். 'தெரிஞ்சா பேசு, இல்லன்னா சும்மா இரு' என்பது அப்பாவின் சட்டம்.

"இப்போ மனசுல என்னடி ஓடுது?" என்று கேட்டேன்.

தமிழில் யோசித்து, இங்கிலீஷில் மாற்றி, கிராமர் சரியா என்று பார்த்து... அதற்குள் நேரம் போய்விடுகிறது என்றாள்.

"அப்போ தமிழ்லயே சொல்லு."

தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "மைதா வெல ஏறிச்சா? இல்ல, சின்ன பாக்கெட்டு ஜாஸ்தி போவுதா? சின்ன பாக்கெட்டுன்னா கவர் செலவு ஜாஸ்தி ஆவுமேக்கா..."

 இத்தனையும் உள்ளே இருந்ததா!

அன்றிலிருந்து தினமும் தமிழில் ஒரு தடவை, அதே கேஸ் இங்கிலீஷில் ஒரு தடவை. எங்கள் மேனேஜரின் குரலை நான் கடன் வாங்கிக்கொண்டேன். பாதியில் மறிப்பேன். 'ஹவ் டு யூ நோ?' என்பேன். அவள் சரியாகச் சொன்னாலும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் ரொம்பவே மடக்கிவிட்டேன் போல. காகிதத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

"வேணாம்க்கா. எனக்கு இது வராது. ஏதாவது ஃபேக்டரில ப்ரொடக்‌ஷன்ல சேந்துடறேன்."

"சேரு. இந்தக் கேஸ முடிச்சிட்டுப் போய் சேரு."

முறைத்தாள். அப்புறம் உட்கார்ந்து முடித்தாள்.

எங்கள் தெருமுனையில் மணி அண்ணனின் வீடியோ கேசட் கடை இருந்தது. கேபிள் வந்த பிறகு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் இவளே அவரிடம் போய்க் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். யார் இன்னும் வருகிறார்கள், என்னைக்குக் கூட்டம், எந்தக் கேசட் தூங்குகிறது...

"இன்னாம்மா, இன்கம்டாக்ஸ்ல சேந்துக்கினியா?" என்றார் அவர். ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். புதுப்படத்தை கேபிளோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது, கல்யாண வீடியோ எடுக்கிற பக்கம் போகலாம் என்று அவள் படிப்படியாகப் பேசி முடித்தாள். நான் மறிக்கத் தேவையே இருக்கவில்லை.

அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்தினம் கடைசிப் பயிற்சி. அப்பா ஹாலில் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் இங்கிலீஷில் பேச ஆரம்பித்ததும் எழுந்து போய் டிவியை அணைத்தார். திரும்பி வந்து கைகட்டி உட்கார்ந்து கடைசி வரை கேட்டார்.  அந்த டிவி அதற்கு முன் எதற்காகவும் நியூஸ் நடுவில் அணைந்ததில்லை.

இன்டர்வியூ அன்று பக்கத்து வீட்டு போனுக்கு எஸ்.டி.டி.யில் கூப்பிட்டாள். மலைமேல் இருக்கிற ஒரு ஹோட்டல், ரூமெல்லாம் காலி... அதுதான் கேஸாம். பாதி வழியில் தன் கணக்கு தப்பு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

"முன்னல்லாம் அங்கயே வாயடைச்சுப் போயிருப்பேன்க்கா. 'நான் தப்பா போட்டுட்டேன், எங்கன்னு சொல்றேன்'னு சொல்லிட்டு, சத்தமாவே திருப்பிப் போட்டேன். அந்த ஆள் பேனாவக் கீழ வெச்சிட்டுக் கேட்டாரு."

"அப்புறம்?"

"கெடச்சிருச்சு."

இப்போது என் மகன் அதே மாதிரி வேலைக்குத் தயாராகிறான். வேறு ஏதோ நாட்டில் இருப்பவர் திரையில் வந்து அவனைக் கேள்வி கேட்கிறார். தான் பேசியதை ரெக்கார்ட் செய்து தானே பார்த்துக்கொள்கிறான். நல்ல வசதிதான். கிடைத்தால் ஸ்டேட்டஸ் போடுவான், இதயங்களாக வந்து விழும். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஆனால் ஜெசிந்தாவுக்குக் கிடைத்த மறுநாள் காலை எனக்கு ஸ்டேட்டஸ் இல்லை, பஸ்தான் இருந்தது. ஏறியதில் இருந்து பக்கத்து சீட், முன் சீட், பின் சீட் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தேன். கண்டக்டர் காதிலும் விழுந்தது.

"கன்சல்டிங்னா இன்னா வேலைம்மா?"

"பெரிய பெரிய கம்பெனிக்கு புத்தி சொல்ற வேலை."

"அதுக்கு சம்பளம் வேற குடுக்குறாங்களா?"

பஸ்ஸே சிரித்தது. அதில் என் சிரிப்புதான் பெரிது.