பூனை வயிற்றில் ஒரு மிளகு

மூன்று மாதம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: நான், அம்மா, இரண்டு கறவை மாடுகள், ஒரு சினை ஆடு, அவற்றின் சொந்தக்காரர்கள், கட்டைப்பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த எங்கள் பூனை பூசணி. இல்லாதவர்: டாக்டர். ஏதோ ஒரு கிராமத்தில் தடுப்பூசி முகாமாம்.

அவர் வரும்வரை நோட்டில் விவரம் எழுதுகிறவர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா தம்பி, கன்னுக்குட்டியா?"

"பூனை சார். ஒரு மாசமா வாந்தி, பேதி. எளச்சிக்கினே போவுது."

"பால் எவ்ளோ கறக்குது?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பழக்க தோஷம்! பிறகு நோட்டைப் புரட்டி, "பூனைக்குக் கட்டம் இல்லப்பா... ஆட்டுல போட்டுக்கறேன்" என்றார். ஆக, காகிதத்தின்படி எங்கள் பூசணி இன்றுவரை ஓர் ஆடு.

மதியம் டாக்டர் வந்தார். பொறுமையாகப் பார்த்தார். பூச்சி மருந்து கொடுத்தார். பத்து நாள் போனது. வாந்தி போகவில்லை.

பூசணிக்குப் பதிமூன்று வயது. நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ வந்து கணக்கு நோட்டின்மேல் உட்கார்ந்தது. இன்னும் எழுந்து போகவில்லை. மஞ்சளாக, உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயர். அந்த நாட்களில் தூக்கினால் எலும்பு கையில் குத்தியது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான். அதன் பலன் என்ன தெரியுமா? ரேஷன் கார்டில் பெயர் தப்பா? நான். கரன்ட் பில் அதிகமா? நான். பூனை வாந்தி எடுத்தாலும் நான்தான்.

"இவ்ளோ படிச்சிருக்கியே, அது வயித்துல இன்னா இருக்குதுன்னு சொல்ல மாட்டியா?" என்று அப்பா கேட்டார்.

நான் படித்தது பி.காம்.

அடுத்து டவுனில் நாய்களுக்கு ஊசி போடும் கிளினிக். இரண்டு நிமிடம் பார்த்தார்கள். "வயசாயிடுச்சு இல்லைங்களா..." என்றார்கள். வயது எப்போது நோயானது? அப்பாவுக்கு அறுபத்திரண்டு. நாளைக்கு அவர் வாந்தி எடுத்தால் வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார்கள். நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் என் ஆபீஸ் செருப்பிலேயே வாந்தி.

இதற்கிடையில் தெருவே டாக்டர் ஆகிவிட்டது. ஒருவர் பல்லியைத் தின்றிருக்கும் என்றார். ஒருவர் கண்பட்டிருக்கும் என்றார். பூனைக்கா? அதுவும் இந்தப் பூனைக்கா?

கடைசியில் வேலூர்.

பஸ்ஸில் கண்டக்டர், "பையில இன்னா?" என்றார். "பூனைங்க. சத்தம் போடாது" என்றேன். அந்த நொடிக்காகவே காத்திருந்ததுபோல் பூசணி அலறியது பாருங்கள்... பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "லக்கேஜ் போட்டுடறேன்" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

வேலூரில் ஒரு டாக்டர் மேடம். ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார், பிறகு என்னை உட்காரச் சொன்னார். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"குடல் தடிச்சிருக்கு. ரெண்டு காரணம் இருக்கலாம். சாப்பாடு ஒத்துக்காம வர்ற வீக்கம். இல்லன்னா கேன்சர். ஸ்கேன்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும்."

"எப்படி மேடம் கண்டுபிடிக்கறது?"

"வயித்தைத் திறந்து, ஒரு துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். ஆனா இந்த வயசுல, இந்த வெயிட்ல, மயக்க மருந்து தாங்குமான்னு எனக்கே பயமா இருக்கு."

ஒரு பாக்கெட்டை மேஜைமேல் வைத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள்.

"ஒரு மாசம் இதுவும் தண்ணியும், காலைல ஒரு சத்து மாத்திரையும் மட்டும். வேற எதுவுமே கூடாது. ஒரு சொட்டு பால்கூட. வாந்தி நின்னா, சாப்பாடுதான் காரணம். நிக்கலன்னா... திறந்துதான் பாக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எழுதிப் போட்டால் நடந்துவிடும் என்று படித்தவனுக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது ஒட்டிய பிறகுதான் உறைத்தது. வாயாலும் சொன்னேன். மூன்று தடவை.

பிரச்சினை வீட்டுக்குள் இல்லை, வெளியில்தான் என்று நினைத்தேன். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வாசலில் அம்மாவின் சின்னக் கடை: எலுமிச்சம்பழம், கற்பூரம், தண்ணீர் பாட்டில். கடைப் பலகைமேல் பூசணி. நடந்து போகிறவர்கள் எல்லாம் அதற்கு எதையாவது போடுவார்கள். பிஸ்கட், பன், பால்... இந்த ஊரில் ஓர் உயிர் பட்டினி கிடப்பது அவ்வளவு சுலபமில்லை.

'பூனைக்கு எதுவும் தராதீர்கள்' என்று போர்டு வைத்தேன். ஒரு பெரியவர் நின்று படித்துவிட்டு அம்மாவிடம், "ஏம்மா, வாயில்லா ஜீவனுக்குப் போடாதேன்னு அண்ணாமலையார் ஊர்ல போர்டா?" என்றார். அம்மா கைகாட்டினாள். "நான் இல்லீங்க. அதோ, அவன்."

பதினொரு நாள் ஆனது. வாந்தி குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. மேடத்துக்கு போன் செய்தேன்.

"வேற எதுவும் குடுக்கலையே?"

"சத்தியமா இல்ல மேடம்."

அவர் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்போ ரொம்ப நாள் தள்ள வேணாம். திங்கட்கிழமை எடுத்துட்டு வாங்க. ஆபரேஷனுக்குத் தயாரா."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

மறுநாள் பௌர்ணமி. கூட்டம் தொடங்குமுன்னே பூசணியை உள் அறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் பாக்கெட்டில். மறுநாள் காலை கதவைத் திறந்தால், மூலையில் வாந்தி. குனிந்து பார்த்தேன். நடுவில் ஒரு மிளகு. முழு மிளகு. பக்கத்தில் அரை முந்திரி.

பழுப்பு உருண்டையில் முந்திரி ஏது?

"யாரு பொங்கல் குடுத்தது?"

அம்மா பூ கட்டுவதை நிறுத்தவில்லை. "நான்தான். ஜன்னல் வழியா."

"ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

"சாப்பாடு குடுக்கக் கூடாதுன்னு சொன்ன. இது பிரசாதம்டா."

நான் தரையில் கிடந்த மிளகைக் காட்டினேன்.

"ரோட்டுல போறவங்களுக்கே கூப்ட்டு கூப்ட்டுக் குடுக்கறாங்க. பதிமூணு வருசமா வூட்ல கெடக்குது, அதுக்கு ஒரு உருண்டை கெடையாதா?"

"தெனமுமா குடுக்கிற?"

"தெனம் பொங்கலுக்கு எங்க போவேன்? தெனம் அபிஷேகப் பால்தான். ஒரு ஸ்பூனு."

"பாலே கூடாதுன்னு..."

"அது பாலாடா? சாமி மேல ஊத்தினது."

அப்பா சிரித்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. "நீங்க இன்னா குடுத்தீங்க?"

"நான் ஒண்ணும் குடுக்கல. பெருங்காயம் போட்ட மோரு. அது மருந்து."

கத்தினேன். சுவரில் இருந்த தாளைக் காட்டிக் கத்தினேன். திங்கட்கிழமை வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள், தெரியுமா என்று கத்தினேன். அப்பா கையைத் தூக்கினார்.

"இரு, இரு. காலைல நீ மாத்திரை குடுக்கிறியே, அது எதுல வெச்சுக் குடுக்கிற?"

நான் சுவர்த்தாளை மறுபடி பார்த்தேன்.

"சொல்லு."

"தயிர்ல."

"தயிரு சாப்பாட்டுல சேராதா?" என்றாள் அம்மா, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

அவளுக்குப் பிரசாதம். அப்பாவுக்கு மருந்து. எனக்கு மாத்திரை. மூன்று பேருமே மேடம் சொன்னதை மீறவில்லை! காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிற மனிதர், கோயில் லட்டு கைக்கு வந்தால் மட்டும் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்கிறாரே... நாம் எல்லோருமே பத்தியம் இருக்கிறோம், பத்தியத்தில் சேராததைத் தின்றுகொண்டு.

மேடத்துக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், தயிர் உட்பட. "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார். போட்டேன்.

"ஒரு ஸ்பூன் தயிரைச் சொல்லாததுக்கு, நான் திங்கட்கிழமை அதோட வயித்தைத் திறந்திருப்பேன். இன்னிக்குதான் முதல் நாள். ஒரு மாசம். புரியுதா?"

"புரியுதுங்க மேடம்" என்றோம் மூன்று பேரும், வகுப்பில் சொல்வதுபோல்.

அம்மா கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்தாள். பாக்கெட்டை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஒரு கை உருண்டைகளைப் பித்தளைத் தட்டில் கொட்டினாள். சாமி படத்தின் முன்னால் வைத்து, கற்பூரம் ஏற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். தட்டை எடுத்து வந்து பூசணியின் முன்னால் வைத்தாள்.

"இனிமே உனுக்கு இதான் பிரசாதம்."

ஒவ்வொரு நாளும் அப்படியே. ஒருவேளைகூடத் தவறவில்லை. மோர் நின்றது. அபிஷேகப் பால் எங்கள் மூன்று பேருக்கும் வந்தது. நான் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசிக்குழாயால் ஊற்றினேன். கையில் இருக்கும் கீறல்களைப் பார்த்து ஆபீசில் துக்கம் விசாரித்தார்கள்.

அடுத்த பௌர்ணமி மாலை ஒருவர் பன்னைப் பிய்த்துக்கொண்டு பூசணி பக்கம் குனிந்தார்.

"வேணாங்க" என்றாள் அம்மா. "அதுக்கு நைவேத்தியம் ஆயிடுச்சு."

"பூனைக்கா?"

"ஏன், பூனைக்கு சாமி கெடையாதா?"

அவர் பன்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பூசணியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். என் போர்டு வாசலில்தான் நின்றது, ஒரு வேலையும் செய்யாமல்.

கடைசி இருபத்திரண்டு நாள் வாந்தியே இல்லை. போன வாரம் வேலூர் போனோம். முக்கால் கிலோ ஏறியிருந்தது. "சாப்பாடுதாங்க. வயித்தைத் திறக்க வேணாம். இதையே குடுங்க" என்றார் மேடம்.

அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், நின்றாள்.

"அப்போ... இத்தினி நாளா நாங்கதான் அதுக்கு நோவா மேடம்?"

மேடம் பேனாவை எடுத்தார். தலையைக் குனிந்து சீட்டு எழுதினார்.

டெஸ்ட், ஸ்கேன், மருந்து, இரண்டு பாக்கெட் உருண்டை, பூசணியின் லக்கேஜ் டிக்கெட் எல்லாம் சேர்த்து மொத்தம் பதினோராயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய். கற்பூரம் இதில் வராது. அது செலவில் சேராதாம், அம்மா சொல்கிறாள்.