பானகத்தின் மேல் விழுந்த பழி

விளக்குப் பூஜைத் தோழிகளுக்கு (படித்தவர் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும்),

இன்று பரவை பஸ்ஸின் பின்பக்கம் இருந்தவர்கள்: நான், பூக்கூடையோடு ஓர் அம்மா, கண்டக்டர், நம் காளவாசல் கபடிக் குழுவின் ரசிகர்கள் நான்கு பேர்.

இறுதிப் போட்டியில் ஜெயித்த கையோடு மயங்கி விழுந்த நம் பாண்டியைப் பற்றித்தான் பேச்சு. ஊக்க மருந்து ஏறியிருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நம்மாளுக யாரும் ஊசி போடலையாம் மாப்ள. மேட்ச்சுக்கு முன்னாடி குடுத்த கோயில் பானகத்துல எவனோ கலந்துட்டான்னு நம்ம டீம் செயலாளரே சொல்லிட்டாரு."

"அப்பக் கோப்பை நமக்குத்தான்!"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேவிட்டேன்.

"ஏப்பா, அந்தப் பானகத்தைக் கரைச்சதே நான்தான். டீமுல அம்புட்டுப் பேரும் குடிச்சாங்க, பாண்டி மட்டும் குடிக்கல. ஜெயிக்கிற வரைக்கும் பச்சத்தண்ணி தொடமாட்டேன்னு அம்மனுக்கு நேந்திருந்தான்!"

நால்வரில் ஒருவன் மெல்ல, "அக்கா, இதை வெளிய சொல்லிறாதீங்க. கோப்பையைப் புடுங்கிருவாங்க" என்றான்.

"புடுங்கட்டும்."

"அப்படிப் போடுங்கக்கா! தோத்தது எங்க பரவை டீமுதான்!" என்று கண்டக்டர் விசிலை ஊத, டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விசாரணைக் கூட்டம். நம் குழுவேயானாலும், பிரசாதத்தின் மேல் பழி போட்டால் விடமாட்டேன், போகிறேன். அன்று டம்ளர் எடுத்துக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். குடித்தவர்கள் எல்லாரும் திடமாக நிற்க, குடிக்காதவன் மட்டும் மயங்கினான் என்று என்னோடு வந்து சொல்வீர்களா?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் தாருங்கள்.