அந்தத் துணி ராஜேந்திரண்ணன் வைத்ததில்லை

ராஜேந்திரண்ணன் இறந்த செய்தி எனக்குப் பழைய பட்டறை முதலாளியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் வந்தது. மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிற பெண் போனை நீட்டினாள். அண்ணன் படம், கீழே கும்பிட்ட கைகள், "எங்கள் பட்டறையின் தூண் சாய்ந்தது" என்று எழுத்து. அந்தத் தூணைப் பிடுங்கி வெளியே போட்டதே அந்த முதலாளிதான்.

இப்போது மெக்கானிக் சங்கத்தில் அண்ணனுக்கு நினைவு மலர் போடுகிறீர்களாம். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டு ஆள் அனுப்பினீர்கள். நல்லதும் எழுதுகிறேன். மற்றதையும் எழுதுகிறேன்.

நடவுக்கு மிஷின் வந்து எங்களுக்கு வயலில் வேலை குறைந்தபோது, நான் அந்தப் பட்டறைக்குச் சாமான் கழுவப் போனேன். வேகமாக ஓடவேண்டும் என்று சிலர் காரைக் கொண்டுவந்து விடுவார்கள். இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்புகிற அலுமினியப் பெட்டி ஒன்று உண்டு. பிளீனம் என்பார்கள். அதைக் கழற்றி, காற்று போகிற துவாரங்களை உள்ளே ராவி, அகலமாக்கி வழவழப்பாக்குவது அண்ணன் வேலை. ராவின தூளைக் கழுவி எடுப்பது என் வேலை. மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் காற்றடிப்பது. எல்லாம் முடிந்த பிறகும் வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒரு மினுக்கம் தெரிந்தால் திருப்பித் தந்துவிடுவார். "இன்ஜின் மூச்சு இழுக்குறப்ப இதையும் சேத்து இழுக்கும், மல்லிகா. இன்னொரு தரம் கழுவு" என்பார். கோபப்பட மாட்டார். விடவும் மாட்டார்.

பெட்டியைக் கழற்றினதும் இன்ஜின் பக்கத்துத் துவாரங்கள் திறந்து கிடக்கும். நட்டு கிட்டு உள்ளே விழாமல் துணி அடைக்கவேண்டும். பட்டறைகளில் கை துடைக்கிற கழிவுத் துணி, பனியன் வேஸ்டைத்தான் அடைப்பார்கள். அண்ணன் அதைத் தொடமாட்டார். எடுக்க மறந்தால் அழுக்கோடு அழுக்காகக் கண்ணுக்குத் தெரியாது என்பார். பழைய புடவைதான் வேண்டும், அதிலும் ஒரு முழ வால் வெளியே தொங்கவேண்டும்.

"மல்லிகா, பழைய புடவை இருந்தா கொண்டா. நல்லா அடிக்கிற கலரா பாத்து."

"எங்கிட்ட இருக்கிறதெல்லாமே அடிக்கிற கலருதாண்ணே."

"அதான் உன் வீட்டுக்காரரு திருவிழாவுல உன்னத் தொலைக்காம கூட்டியாந்துடுறாரு."

இது உங்கள் எல்லாருக்கும் தெரியும். வந்து நின்று, "என்ன மேஸ்திரி, இன்ஜினுக்குப் புடவை கட்டி விட்டுருக்கீங்க" என்று கேலி செய்தவர்கள்தானே நீங்கள்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த ஒரு பையனின் கார் அது. பிளீனத்தைக் கழுவிக் காயவைத்துவிட்டோம். துவாரங்களில் என் கிளிப்பச்சைப் புடவைத் துண்டுகள். அண்ணிக்குக் கண் ஆபரேஷன் என்று அண்ணன் தஞ்சாவூர் போகவேண்டியிருந்தது. "நான் வந்து மாட்டிக்கிறேன், யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பையன் வந்து அவசரப்படுத்தினான். முதலாளியே உட்கார்ந்தார். பச்சைத் துண்டுகளைப் பிடுங்கி பெஞ்சுக்கு அடியில் எறிந்தார். ஒட்டிக் கிடந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது, கைக்குக் கிடைத்த பனியன் வேஸ்டைத் துவாரங்களில் திணித்தார். நான் கண்ணால் பார்த்தேன். "அண்ணன் வந்துடட்டுமே முதலாளி" என்றேன். "நீ உன் வேலையப் பாரு" என்றார். அப்புறம் அதை அவசரமாக உருவிப் போட்டுவிட்டு, பெட்டியை வைத்து நட்டுகளை முடுக்கிவிட்டார்.

கார் நீடாமங்கலம் தாண்டவில்லை. இழுத்துக்கொண்டு வந்து, அண்ணனை வைத்தே கழற்றச் சொன்னார்கள். நீங்கள் பலபேர் சுற்றி நின்றீர்கள். உள்ளே ஒரு துவாரத்தில் கரி பிடித்த பனியன் வேஸ்ட், வால்வில் மாட்டிக் கிழிந்து கிடந்தது.

"என்னய்யா இது?" என்றார் முதலாளி.

"இது என் துணி இல்லீங்க."

"அப்ப நானா வச்சேன்?"

நான்தான் பேசினேன். "நீங்கதான் வச்சீங்க முதலாளி. அண்ணன் அன்னிக்கு ஊர்லயே இல்ல."

"பாத்திரம் கழுவுற கையி. எனக்கு இன்ஜின் சொல்லித் தர வந்துடுச்சு" என்றார். உங்களில் சிலர் சிரித்தீர்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தீர்கள். அன்றோடு அண்ணனையும் அனுப்பினார், என்னையும் அனுப்பினார்.

அதற்குப்பிறகு எந்தப் பட்டறையும் அவரை இன்ஜினைத் தொட விடவில்லை. பஞ்சர் ஒட்டினார், வயலில் பம்ப்செட் பார்த்தார். நீங்கள் வைத்த பேர் மட்டும் கூடவே வந்தது. துணி ராஜேந்திரன். ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தபோது, "ஏண்ணே நீங்க சண்டை போடல?" என்று கேட்டேன். "அங்க நின்னவன் எல்லாருக்கும் தெரியும், மல்லிகா. தெரியாதவனுக்குத்தானே சொல்லணும்" என்றார்.

அண்ணன் உடலை எடுத்த அன்று, மாலை கொண்டுவந்தவர் "எந்த ராஜேந்திரன் வீடு?" என்று தெருவில் நின்று கேட்டார். உங்களில் ஒருவர்தான் "துணி ராஜேந்திரன்" என்று கை காட்டினார். பக்கத்தில் அண்ணன் மகள் நின்றாள்.

மலரில் தூண், துரும்பு என்றெல்லாம் போடவேண்டாம். படத்துக்குக் கீழே மெக்கானிக் ராஜேந்திரன் என்று போடுங்கள். அந்தப் பெண்ணிடம் யாராவது ஒருவர் போய், அந்தத் துணி உன் அப்பா வைத்ததில்லை என்று வாயால் சொல்லுங்கள். நான் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னால்தான் அவள் நம்புவாள்.

பட்டறையை விட்டு வருகிற அன்று, பெஞ்சுக்கு அடியில் கிடந்த பச்சைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். சந்தேகம் இருக்கிறவர்கள் வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்க்கலாம். துவாரத்துக்கு ஒன்றாக, அண்ணன் வைத்தது அத்தனையும் என்னிடம் இருக்கிறது.