அடுப்படியில் சத்தமில்லை

இன்று காலை மனைவி காப்பித் தம்ளரைச் சத்தமே இல்லாமல் வைத்துவிட்டுப் போனாள். ஊருக்கெல்லாம் பேச்சுத்திறன் வகுப்பு எடுக்கிற எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

சின்ன வயதில், திண்டுக்கல் வீட்டில் சண்டை வந்தால் அம்மாவும் அப்பாவும் நேராகப் பேச மாட்டார்கள். நான்தான் தபால். அப்பா இரண்டடி தள்ளி இருக்கும்போதே, "ஏலே, உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா. மிச்சக் கோபத்தைப் பாத்திரங்கள் உருண்டு சொல்லும்.

ஒருநாள் பாத்திரம் உருளவில்லை.

"கோவம் தணிஞ்சிருச்சுடா அப்பு" என்று அப்பா நிம்மதியாகப் பேப்பரை விரித்தார். அம்மா துணிப்பையோடு வெளியே வந்தாள்.

"உங்கப்பாட்டச் சொல்லிரு, எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"இருக்கச் சொல்லுடா" என்றார் அப்பா, என்னிடம்.

அம்மா வாசலில் செத்த நேரம் நின்று பார்த்தாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணெடுக்கவில்லை. போய்விட்டாள்.

இன்று, காலித் தம்ளரோடு எழுந்து அடுப்படிக்குப் போனேன். "என்ன வேணும்?" என்றாள் மனைவி, முகம் பார்க்காமல். வகுப்பில் எத்தனையோ வாக்கியம் சொல்லித்தருகிறேன். என் வாயில் வந்தது, "இன்னொரு காப்பி" மட்டும்தான்.