திட்டை விட்டுக் கரைக்கு வந்தோம்

அணைக்கரைக்குக் கிழக்கே கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து ஓடும். நடுவில் இருக்கும் திட்டுதான் நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் படகில் போகவேண்டும். கோடையில் மட்டும் மணலில் நடந்துவிடலாம். கத்தரியும் வெண்டையும் போட்டுப் பிழைத்தோம்.

அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி மூன்று தடவை வெள்ளம் வந்தது. மூன்றாம் தடவை அடுப்படிக்குள் இடுப்பளவு தண்ணீர். எங்களை ஏற்ற வந்த படகில் எங்கள் சினைப்பசுவுக்கு இடமில்லை. என் கணவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அதைப் பின்னால் நீந்தவிட்டார். நடு ஆற்றில் பசு சோர்ந்து இழுக்க ஆரம்பித்தது. படகு சாய்ந்தது.

"கயித்த விடுங்கண்ணே! புள்ளைங்கல்லாம் இருக்குல்ல!" என்று படகுக்காரர் கத்தினார். என் கணவர் விடவில்லை. நான்தான் அவர் விரல்களைப் பிரித்தேன்.

கரையில் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கரையிலேயே மனை தருவதாகச் சொல்லிப் பெயர் எழுத அதிகாரி வந்தார். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான்தான் எங்கள் பெயரைக் கொடுத்தேன்.

"நம்ம மண்ண விட்டுட்டு இங்க என்ன பண்றது?" என்று சாயந்திரம் கேட்டார்.

"உசுரோட இருக்கலாங்க," என்றேன்.

நாலு வருஷமாகிறது. அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். நாலு பேரோடு பழகிவிட்டார். மகள் பஸ்ஸில் காலேஜ் போகிறாள். வாசலில் குழாய் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டு வாங்கியவள் நான். மனசு ஒட்டாமல் கிடப்பவளும் நான்தான். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரோ மணலோ கண்ணில் படும். இங்கே எதிர்வீட்டுச் சுவர்தான்.

போன சித்திரையில் யாரிடமும் சொல்லாமல் மணலில் நடந்து போனேன். அடுப்பு இருந்த இடத்தில் எருக்கு முளைத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கில் கொண்டுபோன சோற்றைத் தின்றேன். அவ்வளவுதான் செய்தேன். வயிறு நிறைந்ததுபோல் இருந்தது, அழுகையும் வந்தது.

திரும்பி வந்தபோது, புடவை ஓரத்தில் ஒட்டியிருந்த மணலை அவர் பார்த்துவிட்டார்.

"திட்டுக்கா போன?"

"ஆமாங்க."

"சுவரு இருக்கா?"

"மேக்கால சுவரு மட்டும் நிக்குது."

பிறகு, "ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள ஒரு நாள் நானும் வரேன்," என்றார்.

அந்தக் கோடை முழுக்க அவருக்கு வேலை ஒழியவில்லை. ஆடியில் தண்ணீர் வந்துவிட்டது.