பாறைமேல் ஒரு பெயர்ப் பலகை

எண்பதுகளின் தொடக்கத்தில், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான என் கணவரும் நானும் வீடு கட்டக் கரடியூர்ப் பக்கம் இடம் தேடினோம். தரகர் ஒருவர் சாலையோரம் சமதளமான இடமொன்றைக் காட்டினார். மறுவாரமே பத்திரம் பதிந்தோம்.

அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிய அன்று ஒரு விவசாயி ஓடி வந்தார். "ஏனுங்க, எங்க காட்டுல எதுக்குங்க குழி வெட்டறீங்க?" என்றார். சர்வேயரை அழைத்து அளந்தோம். எங்கள் பத்திரத்தில் இருந்த சர்வே எண், பக்கத்திலிருந்த செங்குத்தான பாறைச் சரிவுக்கு உரியது. ஆடுகூட அங்கே நிற்காது. தரகரிடம் கேட்டதற்கு, "படிச்சுப் பார்த்துத்தானுங்க கையெழுத்துப் போட்டீங்க?" என்று சிரித்தார்.

என் கணவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு அந்தச் சிரிப்புதான் ஆறவில்லை. போகிற பஸ்ஸிலிருந்தே தெரியும்படி பாறைமேல் பெரிய பலகை நட்டேன். 'நாங்கள் வீடு கட்ட இந்த இடத்தை வாங்கித் தந்தவர்' என்று எழுதி, கீழே அவர் பெயரைப் போட்டேன்.

ஆறே மாதத்தில் அவர் என் வாசலுக்கு வந்தார். "அக்கா, எங்கூட யாரும் இடம் பார்க்க வரமாட்டேங்கறாங்க. நொம்ப அவமானமா இருக்குதுங்க. பேரை மட்டுமாச்சும் அழிச்சிருங்க."

"வெயில்ல எழுத்து மங்கிருச்சுங்க. நல்லவேளை, ஞாபகப்படுத்துனீங்க" என்றேன். அன்றைக்கே புதிதாகப் பெயிண்ட் அடித்தேன்.

பிறகு வேறு இடம் வாங்கியபோது, சர்வேயர் அளந்து நான்கு மூலையிலும் கல் நட்ட பின்பே கையெழுத்துப் போட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்தப் பலகைக்கும் மறக்காமல் பெயிண்ட் அடித்துவிடுகிறேன்.