நாறியது எங்கள் வீட்டு ஏசிதான்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் படுக்கையறை ஏசியிலிருந்து மூன்று வாளி கறுப்புத் தண்ணீர் வந்தது. மூன்றையும் நானே தூக்கிக்கொண்டுபோய் பின்பக்கக் கழிவுநீர்க் கானில் ஊற்றினேன்.

இரண்டு கையாலும் வாளியைப் பிடித்திருந்ததால் மூக்கைப் பொத்த வழியில்லை. அதுவும் நல்லதற்குத்தான். அந்த வாடையை நான் முழுதாக முகர்ந்து பார்க்க வேண்டியிருந்தது... ஏன் என்று சொல்கிறேன்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் உங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இன்றைக்கு அதை எதிர்பார்க்காதீர்கள்.

கஹவத்தையில் எங்கள் வீட்டுக்கு ஏசி வந்து மூன்று வருடமாகிறது. என் கணவருக்கு இளைப்பு. புழுக்கத்தில் படுத்தால் மூச்சு வாங்கும். அவருக்காக வாங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் பழகிவிட்டது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றித்தான் தெரியுமே... துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. ஆகவே அரை ஈரத் துணிகளை ஏசி அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப் போடுவோம். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

நாலைந்து மாதங்களுக்கு முன்னால் அந்த அறையில் ஒரு வாடை வரத் தொடங்கியது. புளித்த வாடை. மழையில் நனைந்த சப்பாத்துக்குள் காலுறையை நாலு நாள் மறந்து விட்டால் வருமே, அந்த மாதிரி. ஏசியைப் போட்டதும் முதல் பத்து நிமிடம் முகத்தில் அடிக்கும். பிறகு குறைந்துவிடும். அல்லது மூக்கு பழகிவிடும்.

மல்லிகை ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிடத்தில் அது புளித்த மல்லிகை ஆனது. கற்பூரம் வைத்தேன். தேசிக்காயை வெட்டி வைத்தேன். யாரோ ஒரு பெண் வீடியோவில் சொன்னாள் என்று சிரட்டையில் கோப்பித்தூள் கூட வைத்துப் பார்த்தேன். வாடை அசையவில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள், பகல் இரண்டு மணிக்குச் செல்வராணி வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். றக்வான வீதியில் உள்ள ஒரு றப்பர் தோட்டத்தில் காலையில் பால் வெட்டிவிட்டு, பஸ் பிடித்து வந்து, வீடு துடைத்து, துணிகளை அயன் பண்ணிக் கொடுப்பார். அயன் பண்ணுவது அந்த ஏசி அறையில்தான். அயன் பெட்டியின் சூடு அவருக்கு ஆகாதே என்று நானே ஏசியைப் போட்டு விடுவேன். அந்தளவுக்கு நல்ல மனம் எனக்கு!

செல்வராணி உள்ளே போவார். ஏசி ஓடும். வாடை வரும்.

இரவில் நாங்கள் படுக்கப் போகும்போதும் அதே வாடை வந்தது. அதற்கும் என்னிடம் காரணம் தயாராக இருந்தது. அவர் விரித்த பெட்ஷீட், அவர் மடித்த துணி. சந்தேகத்துக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் சாட்சிகள் தாமாக வந்து சேருகின்றன, இல்லையா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். மரத்தின் வெட்டில் உறைந்துபோகும் ஒட்டுப்பால் சாக்கில் கிடந்து புளிக்கும்போது என்ன வாடை வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே இந்த விஷயத்தில் என்னை நானே நிபுணராக நியமித்துக்கொண்டேன். அந்த வாடையிலிருந்து படித்து, ஆசிரியையாகி, தப்பித்து டவுனுக்கு வந்தவள் நான். அது என் படுக்கையறைக்குள்ளேயே வருவதா? உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு கோபம் ஏன் வந்தது?

ஒரு நாள் அவர் கிளம்பும் நேரம் ஒரு சோப்புக்கட்டியை நீட்டினேன். நல்ல விலையான சந்தன சோப்பு.

“இத வச்சிக்க செல்வராணி. வரும்போது குளிச்சிட்டு வந்தா நல்லா இருக்கும்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. சிரித்தபடிதான் வாங்கினார். பிறகு விளங்கிவிட்டது. தோளை மெதுவாகத் திருப்பி, தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார்.

“நாறுதுங்களா டீச்சர்?”

“நாறுதுன்னு சொல்லல... கொஞ்சம் ஒட்டுப்பால் வாட வருது.”

“பீலித் தண்ணியில குளிச்சி, உடுப்பு மாத்திட்டுதாங்க டீச்சர் பஸ் ஏறுறேன்.”

“அப்படியா... சரி, இந்த சோப்பப் போட்டுப் பாரு.”

அந்த ‘அப்படியா’வை எந்தத் தொனியில் சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளின் பொய்களைக் கண்டுபிடித்த தொனி அது.

அடுத்த முறை அவர் தலை ஈரத்தோடு, சந்தன வாசத்தோடு வந்தார். ஏசியைப் போட்டேன். வாடை வந்தது. சந்தனத்தையும் மீறி வருகிறதே என்று ஆச்சரியப்பட்டேன். செல்வராணி அயன் மேசையை இழுத்துக்கொண்டு பின் விறாந்தைக்குப் போய்விட்டார். “இங்கின காத்து நல்லா வருதுங்க டீச்சர்” என்றார். நானும் தடுக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் கூட இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன். எனக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருப்பேன். ஆனால் நான் பத்தி எழுதுகிறவள் ஆயிற்றே! போன மாதம் இதே பக்கத்தில் மூக்கைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். பலருக்கு ஞாபகமிருக்கும். “எங்கள் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் ஒரு றப்பர் தோட்டமே பஸ் ஏறி வருகிறது” என்று அதில் ஒரு வரி. சந்தன சோப்புக் கதையையும் சேர்த்திருந்தேன். பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டால் பாவமில்லை என்று ஒரு கணக்கு.

நிறையப் பேர் ரசித்தீர்கள். சிரிக்கும் முகங்களாக அனுப்பினீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சிரிப்பதற்கென்றுதானே எழுதியிருந்தேன்.

அதற்குப் பிறகு செல்வராணி வரவில்லை. தோட்டத்தில் வேலை கூடிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருந்தார். பத்திரிகையெல்லாம் தோட்டத்து லய வீடுகளுக்கு எங்கே போகப்போகிறது என்று நானும் அதை நம்பினேன்.

அவர் வராத மூன்று வாரமும் வாடை இருந்தது! அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. திரைச்சீலையில் ஊறியிருக்கிறது என்று எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தேன். துவைத்து எங்கே காயப் போட்டேன் தெரியுமா... அதே அறையில்.

கடைசியில் ஏசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கட்டிலில் விழத் தொடங்கியது. அதற்காகத்தான் பெல்மதுளையிலிருந்து ஏசி திருத்தும் இர்ஷாத்தைக் கூப்பிட்டேன். வாடைக்காக அல்ல. அவரிடம் வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குத்தான் என்னிடம் ஏற்கெனவே குற்றவாளி இருந்தாரே.

இர்ஷாத் அறைக்குள் காலை வைத்ததும் நின்றார்.

“டீச்சர், இந்த வாட எத்தின மாசமா ஈக்கிது?”

“எந்த வாட?”

“ஏசி வாட. போடாமலே அடிக்கிதே.”

அவர் ஏணியில் ஏறி மேல்மூடியைக் கழற்றினார்.

“சேவிஸ் செஞ்சது எப்ப?”

“பில்டரைக் கழுவுவேன் தம்பி. வருஷத்துக்கு ரெண்டு தரம்.”

“பில்டர் வாசல் மாதிரி டீச்சர். வாசல மட்டும் கூட்டிட்டு ஊட்டுக்குள்ள கூட்டாம ஈந்தா எப்பிடி? இஞ்ச வந்து பாருங்க.”

டோர்ச் அடித்துக் காட்டினார். குளிரூட்டும் தகடுகளுக்கு இடையிலெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி ஏதோ அடைந்திருந்தது. உள்ளே சுழலும் உருளை முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். தண்ணீர் வெளியே போகும் குழாய்க்குள் கம்பியை விட்டு இழுத்தார். பாசி பிடித்த கொழகொழப்பு ஒன்று, மண்புழு நீளத்துக்கு வந்து விழுந்தது.

“தண்ணி போக வழியில்லாம தட்டுலயே தேங்கிப் புளிச்சிருக்கி. இந்த ரூம்ல ஈர உடுப்பு காயப் போடுறதா?”

கொடி அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஏசியைச் சுற்றிப் பெரிய பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதன் வாயை வாளிக்குள் விட்டு, பம்பால் தண்ணீர் பீய்ச்சினார். கறுப்பாக வந்தது. முதல் வாளி... இரண்டாவது... மூன்றாவது. நான்காவது வாளிதான் தெளிந்தது. மேலே சொன்னேனே, சுமந்தேன் என்று, அந்த மூன்று வாளிகள்.

கானில் ஊற்றும்போது வந்தது அந்த வாடைதான். அதே புளிப்பு. நாலு மாதமாக நான் ஒரு மனுஷியின் மேல் போட்டது.

இர்ஷாத் போன பிறகு அறை பச்சைத் தண்ணீர் மாதிரி எந்த வாசமும் இல்லாமல் இருந்தது. அந்தச் சுத்தத்தில் என்னால் உட்கார முடியவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். போன் எடுத்துச் சொல்லிவிடலாமா என்று கூடப் பார்த்தேன். போனில் சொன்னால் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, பாருங்கள்! அந்த ஆசையைக் கண்டதும் எனக்கே அருவருப்பாகிவிட்டது. வியாழக்கிழமை பகல் செல்வராணியின் தோட்டத்துக்குப் பஸ்ஸில் கிளம்பினேன்.

லயத்து வாசலில் செல்வராணி விறகு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார். “வாங்க டீச்சர்” என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். ஆனால் வழக்கமாக நிற்குமிடத்தில் நிற்கவில்லை. இரண்டடி தள்ளி நின்றார். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து நின்ற மாதிரி எனக்குப் பட்டது.

உள்ளேயிருந்து அவர் மகள் நிலானி எட்டிப் பார்த்தாள். அடுத்த வருடம் சாதாரண தர (ஓ.எல்.) பரீட்சை எழுதப் போகிற பிள்ளை. பாடசாலை நாளில் இவள் ஏன் வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

“செல்வராணி, அந்த வாட உங்ககிட்ட இருந்து வரல. ஏசியிலருந்து வந்திருக்கு. உள்ளுக்குள்ள அழுக்குத் தண்ணி தேங்கி நாறியிருக்கு. நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்.”

அவரை நான் ‘நீங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“ஏசியா?” என்றார். பிறகு சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விடாமல் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்து சிரிக்கப் போனேன். அதற்குள் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“எத்தன சோப்பு தேச்சிருப்பேன் டீச்சர் நானு...”

அவ்வளவுதான் சொன்னார். நிலானிதான் வெளியே வந்தாள்.

“ஒங்க வீட்டுக்கு வார நாளெல்லாம் என்னைய மோந்து பாக்கச் சொல்லுவாங்க டீச்சர். கழுத்த, கைய, தலைய. வாட இல்லம்மான்னு சொல்லுவேன். நம்ப மாட்டாங்க. நான் பொய் சொல்றேன்னு அழுவாங்க. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லுவாங்க.”

“ஏய், சும்மா இரு” என்றார் செல்வராணி.

“ஏன் சும்மா இருக்கணும்? ஸ்கூல்ல என்னைய ஒட்டுப்பால்னு கூப்புடுறாங்க டீச்சர். லைப்ரரியில பேப்பர் இருந்திச்சி. எல்லாரும் வாசிச்சிட்டாங்க. எட்டு நாளா நான் போகல.”

எந்த லைப்ரரி தெரியுமா? நான் ஓய்வு பெறும்போது, என் பத்திரிகை தவறாமல் வர வேண்டும் என்று நானே ஏற்பாடு செய்துவிட்டு வந்த பாடசாலை லைப்ரரி.

வாரா வாரம் ஒரு பக்கம் நிரப்புகிறவள்... வாயைத் திறந்து திறந்து மூடினேன். கடைசியில், “நான் ஸ்கூலுக்கு வந்து அந்தப் பிள்ளைகளிடம் பேசவா?” என்று கேட்டேன்.

“வேணாம் டீச்சர்” என்றாள் நிலானி. “நீங்க வந்தா இன்னும் பேசுவாங்க. எழுதுனீங்கல்ல... அதே எடத்துல எழுதுங்க. நாறுனது ஒங்க ஏசின்னு எழுதுங்க.”

“பேர் போடாம எழுதுறேன்மா.”

இதற்கு அம்மாதான் பதில் சொன்னார்.

“பேரு போடாமத்தான டீச்சர் ஊருக்கே தெரிஞ்சிச்சி. இப்ப பேரு போட்டே எழுதுங்க.”

போட்டுவிட்டேன். செல்வராணி. அவரிடமிருந்து எந்த வாடையும் வரவில்லை. ஒரு நாளும் வந்ததில்லை. நான் சொன்னதும் எழுதியதும் பொய்.

மறுபடி வேலைக்கு வருவீர்களா என்று கேட்டேன். டவுனில் ஒரு தையல் கடையில் அயன் பண்ணுவதற்குச் சேர்ந்துவிட்டாராம். அங்கே ஏசி இல்லை, ஃபேன்தான், நல்ல காற்று என்றார். பஸ் ஏறப் போகும்போது பின்னாலேயே வந்து ஒன்று கேட்டார்.

“இப்ப வாட போயிருச்சிங்களா?”

“போயிருச்சி.”

“நல்லதுங்க. சாருக்கு இளைப்புல்ல... அதுதான் கேட்டேன்.”

அவர் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

நிலானி திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனாளா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. இந்தப் பத்தி அந்த லைப்ரரிக்கும் போகும். போன மாதம் சிரித்த பிள்ளைகள் இதையும் வாசிக்கட்டும்.

ஏசி வைத்திருப்பவர்களுக்கு இர்ஷாத் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், ஒரு பயனாவது இருக்கட்டும். பில்டரை இரண்டு வாரத்துக்கொரு தரம் கழுவுங்கள். உள்பக்கத்தை வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆளைக் கூப்பிட்டுக் கழுவுங்கள். எங்கள் மாதிரி ஈரமான ஊரென்றால் இரண்டு தடவை. நிறுத்துவதற்கு முன் அரை மணி நேரம் வெறும் ஃபேனில் ஓட விடுங்கள், உள்ளே காய்ந்துவிடும். ஈரத் துணியை அங்கே காயப் போடாதீர்கள். ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அதுவும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டு சேர்ந்து நாறும்.

இர்ஷாத் சொல்லாத ஒன்று என் பக்கமிருந்து: வாடை வந்தால் முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள்... ஆளுக்குச் சோப்பு நீட்டாதீர்கள்.